விற்காத வாரத்துக்கு ஒரு சுவர்

"இது விக்காது" என்று யாராவது சொன்னால் என் உடம்பில் ஒரு தெம்பு ஏறும். மற்றவர்களுக்கு டாக்டர் ஊசி போட்டு வருகிற தெம்பு எனக்கு அந்த ஒரு பேச்சிலேயே வந்துவிடும்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதக் கட்டுச் சுமந்தேன். அப்புறம் தினசரிக் காலண்டருக்குத் தகரம் அடித்தேன். அப்புறம் மாதிரி ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேலம், திருப்பூர், கோயம்புத்தூர் என்று ஆர்டர் பிடிக்கக் கிளம்பினேன். நாற்பது வயதுக்குள் சொந்தமாக ஒரு காலண்டர் கம்பெனி வைத்துவிட்டேன். இன்னும் பிறக்காத வருஷத்தை, ஆடிப்பெருக்கன்றைக்கு ஆல்பம் போட்டு, நகைக்கடைக்காரருக்கும் உரக்கடைக்காரருக்கும் நாள் நாளாக விற்றவன் நான். அப்படிப்பட்டவனைப் பார்த்து, "உங்ககிட்ட இருக்கிற அந்த ஒரு வாரத்த விக்க முடியாது அண்ணாச்சி" என்று சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் இதைப் படிக்கட்டும்.

அந்த ஒரு வாரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் ஒரு விடுதி. அதில் வருஷத்துக்கு ஏழு நாள், ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், ஓர் அறை எனக்குச் சொந்தம். டைம்ஷேர் என்பார்கள். அறைக்கு மொத்தமாக ஒரு தடவை பணம் கட்டியாக வேண்டும். அதற்கு மேல், போனாலும் போகாவிட்டாலும் வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம் உண்டு.

மதுரையில் பெரிய ஹோட்டல் ஒன்றில் தம்பதியாக வந்தால் விருந்து என்று அந்த விடுதிக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். போனோம். விருந்து நன்றாகவே இருந்தது. டை கட்டிய ஒருவர் வருஷத்தின் வாரங்களையெல்லாம் கட்டம் கட்டமாக அச்சடித்த ஓர் அட்டையை என் முன்னால் விரித்தார். மற்ற மேசைக்காரர்கள் விடுதியின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டங்களைப் பார்த்தேன். என் தொழிலே அதுதானே! ஆடியில் ஆல்பம். ஆவணி தொடங்கி ஐப்பசி வரை ஆர்டர். மார்கழியில் லோடு ஏற்றவேண்டும். தை, மாசியில் வசூலுக்கு அலையவேண்டும். பங்குனியில்தான் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுச் சும்மா இருப்போம். பங்குனி வாரத்தில் விரலை வைத்தேன்.

என் வீட்டுக்காரி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

"பங்குனிப் பொங்கல் எப்பன்னு நெனப்பிருக்கா? ஊரே அன்னிக்கு மாரியம்மன் கோயில் வாசல்ல நிக்கும். நான் தீச்சட்டி எடுக்கணும். கொடைக்கானல்லயா எடுப்பேன்?"

"பொங்கல் ஒரு வருஷம் முன்ன வரும், ஒரு வருஷம் பின்ன வரும். தப்பிச்சிரும் புள்ள."

தப்பிக்கவில்லை. கோயில் நாள் அம்மன் கணக்கில் வந்தது. விடுதி நாள் இங்கிலீஷ் தேதியில் ஆணி அடித்தாற்போல நின்றது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. விலகிய வருஷங்களில் மட்டும் போனோம். அவள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, "வெயில்ல கெடந்த ஒடம்ப இங்கன கொண்டாந்து நடுங்க விடுறதுக்குக் காசா?" என்று கேட்டுக்கொண்டே ஏரியைச் சுற்றினாள். மற்ற வருஷங்களில் அறை பூட்டிக் கிடந்தது. கட்டணம் மட்டும் தவறாமல் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் வாங்கியது, நான் கட்டினேன்.

வருத்தம் வந்தது வேறு வழியில். ஒரு நாள் விடுதிக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வாரிசாக நான் எழுதிக்கொடுத்திருந்த பெயரைச் சரிபார்க்கிறார்களாம். என் மகளின் பெயர். எனக்குப் பிறகு வாரம் அவளுக்கு, கட்டணமும் அவளுக்கு என்று போனில் பேசிய பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னது.

என் மகள் சாத்தூரில் இருக்கிறாள். கணவர் இறந்த பிறகு தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். என் கையிலிருந்து ஒரு பைசா வாங்கமாட்டாள். அந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவேண்டாம். வருஷம் முழுக்கத் தையல் மிஷினை மிதிக்கிறவளுக்கு, ஊரே தேரிழுக்கிற வாரத்தில் மலைமேல் ஒரு பூட்டிய அறையும் அதற்கு ஆயுள் முழுக்கக் கட்டணமுமா நான் விட்டுப்போகிற சொத்து? அடுத்த கட்டணம் வருவதற்குள் அவள் பெயர் அந்த இடத்திலிருந்து போகவேண்டும். வாரிசு இடத்தைக் காலியாக விட முடியாதாம்; விற்றால்தான் போகும்.

அவளிடமே சொன்னேன்.

"கட்டாம விட்டுருங்கப்பா. என்ன செஞ்சிருவாக?"

"ஏத்தா, பாக்கிக்காரன்னு இதுவரைக்கும் என்னை ஒருத்தன் சொன்னதில்ல. நான் செத்தப்பெறகு ஒன்னையா சொல்லணும்?"

"அப்ப வித்துருங்க."

"வித்துத்தான் காட்டப் போறேன்."

முதலில் நான் கூப்பிடாமலே ஒரு கம்பெனி வந்தது. இந்த மாதிரி வாரங்களை விற்றுக்கொடுப்பதுதான் அவர்கள் தொழிலாம். ஒரு பெண்பிள்ளை நல்ல குரலில் பேசியது.

"சார், உங்க யூனிட்டுக்கு பையர் ரெடியா இருக்காங்க. ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் மட்டும் இன்னைக்கே நீங்க போட்டுட்டீங்கன்னா..."

"வாங்குறவர் ரெடியா இருக்காராம்மா?"

"ஆமா சார், வெயிட்டிங்ல இருக்காங்க."

"ரொம்ப நல்லது. அவர்ட்ட போனக் குடு. ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்."

"அது கம்பெனி பாலிசி இல்ல சார்."

"சரி, அவரு குடுக்கிற பணத்துல உங்க கட்டணத்தக் கழிச்சுக்கிட்டு மிச்சத்த எனக்கு அனுப்பும்மா. ரெட்டையாக் கூடக் கழிச்சுக்கோ."

போன் கை மாறியது. பிறகு மேனேஜர் என்று ஓர் ஆண்குரல் வந்தது. அவர் என் வயதைக் கேட்டார். இந்த வயதில் இதையெல்லாம் தனியாகச் செய்வது கஷ்டம் என்றார்.

"தம்பி, எங்க ஊர்ல ஆல்பத்தக் காட்டாம எவனும் அட்வான்ஸ் கேக்கமாட்டான். கேட்டா ஆணியும் சுத்தியலும்தான் பறக்கும். மொதல்ல சாம்பிள் காட்டு. அப்புறம் என் வயசப் பத்திப் பேசு."

அதன்பின் அந்த எண்ணிலிருந்து போன் வரவில்லை. வேறு எண்களிலிருந்து வந்தது. எல்லோருக்கும் இதே பதிலைச் சொன்னேன். ஒருவர்கூடச் சாம்பிள் காட்டவில்லை.

என் மகள் சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். போனில் விற்பனைப் பக்கம் ஒன்று இருக்கிறது, காசு கட்டவேண்டாம், நாமே போடலாம் என்றாள். போட்டாள். போட்ட கையோடு அதே பக்கத்தை மேலே தள்ளிக் காட்டினாள். அதே விடுதி, அதே மாதிரி அறை, வேறு வேறு ஆட்கள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. சிலர் கொடுத்த விலையில் பாதிக்கும் கீழே கேட்டிருந்தார்கள். ஒருவர் "சும்மா எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுச் செலவு மட்டும் உங்களுடையது" என்றே எழுதியிருந்தார்.

"இங்கன விக்கிறவக கூட்டந்தாம்ப்பா இருக்கு. வாங்குறவக யாரையும் காணோம்."

"சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல போயி சேவு விக்கிற மாதிரில்ல இருக்கு."

"சேவாச்சும் திங்க ஆள் வரும்."

சிரித்தேன். ஆனால் அந்தப் பக்கம் எனக்கு ஒரு பாடம் சொன்னது. விற்கிறவனெல்லாம் கூடி நிற்கிற இடத்தில் போய் நின்றால், விலையைக் குறைப்பதைத் தவிர அங்கே செய்ய வேறு வேலை இல்லை.

பேப்பரில் வரிவிளம்பரம் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை, மதுரைப் பதிப்பில். அன்றைக்கு விடியற்காலையிலேயே போன் அடித்தது. புரோக்கர்கள். பத்து மணிக்கு மேல் தேனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். விடுதியின் பெயர், அறையின் அளவு, எந்த வாரம், எல்லாம் விவரமாகக் கேட்டார். பேரம் படிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எங்கிட்டயும் அதே விடுதியில ஒண்ணு இருக்குங்கய்யா. மே மாசம். நீங்க வாங்கிக்கிறீங்களா?"

என் வீட்டுக்காரி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முழுதும் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பங்குனிப் பொங்கலுக்கு ஊரை விட்டு ஓடுறவனுக்கு மட்டும்" என்று ஒருவன் கீழே எழுதினான். இன்னொருவன் அதற்கு ஒரு தேர்ப் படத்தைப் போட்டான். எங்கள் மாவட்டத்தில் அந்த வாரத்தை வாங்க ஒரு ஆள் கிடைக்கமாட்டான் என்பது அத்தோடு உறுதியானது. சென்னைக்குப் போனவன், சிங்கப்பூருக்குப் போனவன் எல்லாம் லீவு போட்டு ஊருக்கு வருகிற வாரத்தை, ஊரில் இருக்கிறவனிடம் விற்கலாமா?

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற என் நண்பர் ஒருவர் நல்ல மனதோடு வந்தார்.

"அண்ணே, தீபாவளி கிஃப்ட் பாக்ஸ்ல ஆளுக்கொரு சீட்டப் போட்டு விட்டுருவோம். என் லோடு டெல்லி வரைக்கும் போகுது. எம்புட்டுப் பேரு பாப்பாக!"

"பாப்பாகளா? பெட்டியப் பிரிக்கிற பிள்ளைக்கு மத்தாப்புத்தான் கண்ணுல தெரியும். என் சீட்டுல ஊதுபத்தி பத்த வைப்பாக."

"அப்ப எங்கனதான் போடப் போறீக?"

எங்கே போடுவது? அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கைக்குக் கிடைத்த இடத்திலெல்லாம் போட்டுப் பார்த்தது என் தொழிலுக்கே அவமானம். ஆர்டர் பிடிக்கப் போனபோது நான் ஒரு கடைக்குள் நுழைந்ததும் முதலாளியின் முகத்தைப் பார்க்கமாட்டேன். அவர் உட்கார்ந்தால் எந்தச் சுவர் அவர் கண்ணில் படுகிறது என்று பார்ப்பேன். காலண்டரை விற்பது பாதி வேலைதான். ஆணியும் சுத்தியலும் பையில் வைத்திருந்து, அந்தச் சுவரில் நானே அடித்து மாட்டிவிட்டு வருவேன். விட்டுவிட்டு வந்தால் அதைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். மாட்டினால் வருஷம் முழுக்க அவர் அதைத்தான் பார்ப்பார். அடுத்த வருஷம் என்னைத்தான் கூப்பிடுவார்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். எந்தப் பேப்பர், எந்தப் பக்கம் என்பது கேள்வியே அல்ல. ஏப்ரல் தொடங்கும்போது, "எங்கேயாவது ஓடிப்போய் ஏழு நாள் தூங்கவேண்டும்" என்று யாருக்குத் தோன்றும்? அவர் கண்ணுக்கு எதிரே எந்தச் சுவர்?

கேட்ட உடனே ஆள் தெரிந்துவிட்டது. ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள்! மார்ச் முடிகிறவரை அவர்களுக்கு ஞாயிறு கிடையாது, சாப்பாட்டு நேரம் கிடையாது. கோயம்புத்தூரில் என்னிடம் டைரியும் காலண்டரும் வாங்குகிற ஆடிட்டர்கள் நிறையப் பேர். தங்கிப்போன வசூலுக்காக நான் என்றைக்காவது பங்குனியில் போனால் அந்த ஆபீஸ்களில் ஆட்கள் கோப்புக் கட்டுகளுக்கு நடுவே கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குத் தேர் ஓடாது. கொடைக்கானல் ஒரு பகல் பயணம்.

ஒரு தாள் காலண்டர் அடிப்பது என்று முடிவு செய்தேன். மார்ச்சும் ஏப்ரலும் மட்டும். மேலே படம். எங்கள் கம்பெனியில் பனிமலைப் படங்கள் கிடந்தன. எடுத்து மூலையில் வைத்தேன். வெளிநாட்டு மலையைக் காட்டிக் கொடைக்கானலை விற்கிற ஆள் நான் இல்லை. நாங்கள் போனபோது அந்த அறையின் பால்கனியில் மகள் எடுத்த படம் ஒன்று இருந்தது. பள்ளத்தாக்கில் மூட்டம், முன்னால் குல்லா போட்ட என் வீட்டுக்காரியின் முதுகு. அதைப் போடச் சொன்னேன்.

"எம்முதுகக் கொண்டுபோயி கோயமுத்தூர்ல தொங்க விடப் போறீகளா? வெக்கமா இல்ல?"

"மூஞ்சியவா போட்டேன்? முதுகு யாருதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல!"

முதுகு இருந்தது. டிசைன் பார்க்கிறவர் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பில் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் கறுப்பாக்கச் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமையக் கறுப்புல அடிச்சா கம்பெனி பேரு கெட்டுப்போகும். தப்பு விழுந்திருச்சுன்னு திருப்பி அனுப்புவாக."

"இத மாட்டப் போற எடத்துல மார்ச்சு மாசம் ஞாயித்துக்கெழமை கறுப்புத்தானய்யா. உள்ளதத்தான் அடிக்கிறோம்."

மார்ச் முழுக்கக் கறுப்பு. ஏப்ரலிலும் கறுப்பு. நடுவில் என் ஏழு நாள் மட்டும் சேர்ந்தாற்போலச் சிவப்பு. கீழே, "இந்த ஏழு நாள் விற்பனைக்கு" என்று ஒரு வரி, என் போன் எண். அவ்வளவுதான். அச்சு மை காயாத தாளைக் கையில் பிடித்தபோது எனக்கே மார்பு விரிந்தது. காலண்டர் வந்த காலம் தொட்டு எவனாவது இப்படி அடித்திருப்பானா?

என் மகள் அதை வாங்கி இரண்டு தரம் பார்த்தாள்.

"வருசக் கட்டணத்தக் காணோமே?"

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்காட்டி?"

"விக்கிறவன் சாமான்ல இருக்கிற ஓட்டையத் தானே வெரல விட்டுக் காட்டுவானாத்தா?"

"மறைச்சு வித்தா, அங்கனயும் எவளோ ஒரு மக தலையிலதான் போயி விழும். அது எனக்கே இருந்துட்டுப் போகட்டும். நீங்க விக்க வேண்டாம்."

தாளை மேசைமேல் வைத்துவிட்டு அவள் பேருந்துக்குக் கிளம்பினாள். எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் வியாபாரம் பேசுகிறாளே என்று வந்தது. அடித்த தாளையெல்லாம் கழிவுக் காகிதத்தோடு தள்ளச் சொல்லிவிட்டுக் கட்டணத்தையும் சேர்த்து மறுபடி அடித்தேன். சின்ன எழுத்தில் அடிக்கவில்லை. போன் எண் எந்த அளவோ அந்த அளவு. செய்தால் முழுதாகச் செய்வேன்.

மார்ச் பிறந்ததும் தாள்களைச் சுருட்டிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். ஆடிட்டர்கள் என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, சீசன் இல்லாத நேரத்துல வந்திருக்கீங்க!" என்றார்கள். சுவரைப் பார்த்தேன். ஆடிட்டருடைய சுவர் அல்ல. வெளியே வரிசையாக உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு எதிர்ச்சுவர். ஆணி அடித்தேன், மாட்டினேன், டீ குடித்தேன், கிளம்பினேன். வாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு இடத்தில் மாட்ட விடவில்லை. ஓர் ஆடிட்டர், "இந்த வயசுல இதெல்லாம் தேவைங்களா?" என்று கேட்டார். "இந்த வயசுலதாங்க தேவை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. ஊரில் கோயிலுக்குக் கொடியேறியது. என் வீட்டுக்காரி விரதம் தொடங்கினாள். "என் முதுகு எங்கன தொங்குதோ" என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள். என் மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததில்தான் எனக்குத் தூக்கம் கெட்டது.

மார்ச் முடியப்போகிற நேரத்தில் ஓர் ஆடிட்டர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே சத்தம்.

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணி வெச்சுப்போட்டீங்க?"

"என்னங்கய்யா ஆச்சு?"

"ஆபீஸ்ல அத்தனை பேரும் வந்து என்ற முன்னால நிக்கறாங்க. அந்தச் செவப்பு நாளெல்லாம் நமக்கு லீவுங்களான்னு கேக்கறாங்க. இல்லைன்னா, அப்புறம் எதுக்குங்க சார் எங்க மூஞ்சிக்கு நேரா மாட்டி வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க. கணக்கு முடிக்கற நேரத்துல கலகத்த உண்டுபண்ணி விட்டுட்டீங்களே!"

"கழட்டிப் போட்டுருங்கய்யா."

"கழட்ட விடமாட்டேங்கறாங்களே!"

சிவப்பென்றால் லீவு. இது எங்கள் ஊரிலிருந்து நாங்கள் தேசத்துக்கே அடித்துப் பழக்கிவிட்ட வழக்கம். நான் ஏழு நாளைச் சிவப்பாக்கியது கண்ணைப் பறிக்கத்தான். அந்தப் பிள்ளைகள் அதைத் தங்களுக்குக் கிடைத்த விடுமுறையாகவே எடுத்துக்கொண்டு பெட்டி கட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்துத்தான் செய்தேன் என்று இப்போது ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அது வேறு.

"அய்யா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றேன். "எங்க தொழில்ல சாம்பிள் காட்டாம ஆர்டர் கேக்கமாட்டோம். இந்த வருச வாரம் சும்மாதான் கெடக்கு. நாங்க பொங்கல விட்டுட்டு எங்கயும் வரமாட்டோம். ஒங்க பிள்ளைகள அனுப்புங்க. விருந்தாளின்னு விடுதிக்கு நான் சொல்லிர்றேன். எனக்கு ஒத்தப் பைசா வேண்டாம். போயிட்டு வந்து வேண்டாம்னா, கோயமுத்தூர் வந்து நானே அந்த ஆணியப் புடுங்கிட்டுப் போறேன்."

அவர் ஒப்புக்கொண்டார். ஒரே அறை போதாது, பாதிப்பேர் முதல் மூன்று நாள், பாதிப்பேர் அடுத்த மூன்று நாள் என்று பேசி முடித்தோம்.

என் வீட்டுக்காரி தீச்சட்டி எடுத்த அன்றைக்கு, கோயில் வாசல் கூட்டத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது என் போனுக்குப் படம் வந்தது. அந்தப் பால்கனியில் நான்கைந்து பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் காட்டினேன். கைச்சூடு ஆறாமலே வாங்கிப் பார்த்தாள்.

"நாம போனப்ப நீங்க ஒரு தடவயாச்சும் இப்பிடிச் சிரிச்சீகளா?"

"காசு கட்டுனவன் எங்கடி சிரிப்பான்?"

பத்து நாள் கழித்து ஆடிட்டர் பேரம் பேசக் கூப்பிட்டார். ஆபீஸ் பெயரில் எடுத்து வருஷாவருஷம் கணக்கு முடிந்ததும் பிள்ளைகளை அனுப்பலாம் என்று இருக்கிறாராம். விலை மட்டும் ரொம்பக் கீழே நின்றது. நான் கேட்டதில் பாதிக்கும் குறைவு.

"அண்ணாச்சி, நெட்டுல பாத்தேன். சும்மாவே தர்றேங்கறவங்க இருக்காங்க."

"இருக்காங்கல்ல, அங்க போயி வாங்கிக்கோங்க."

"கோவிச்சுக்காதீங்க. அவங்க யாரும் வருசக் கட்டணத்தச் சொல்லவே இல்ல. நீங்க போன் நம்பரு அளவுக்கு அடிச்சு மாட்டுனீங்க. அதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

அந்தப் பேச்சைக் கேட்டதும் என் மகள் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. வியாபாரத்தில் எல்லாவற்றையும் சொல்லக்கூடாது. விலையை விட்டுக்கொடுத்தேன், ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பெயர் மாற்றுகிற செலவு அவருடையது; அடுத்த கட்டணம் வருவதற்குள் பெயர் மாறியிருக்கவேண்டும்; மாறிய தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பணம் தரவேண்டும்.

"பணத்த மொதல்ல வாங்கிக்கோங்க அண்ணாச்சி. யாராச்சும் கடைசியா வாங்குவாங்களா?"

"நான் வாங்குவேன்."

விடுதிக் கம்பெனி அதை இதைக் கேட்டு இழுத்தது. எந்தத் தாள் கேட்டாலும் அன்றைக்கே அனுப்பினேன். பதில் வராவிட்டால் காலையில் கூப்பிடுவேன், மதியம் கூப்பிடுவேன். என் குரலைக் கேட்டாலே அங்கே பெயர் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. பெயர் மாறியது.

ஊரில் இப்போது என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அண்ணாச்சி மனைக்கட்டு வெலைக்கு வாங்கி மோட்டார் பைக் வெலைக்கு வித்தாரு" என்கிறார்கள். சொல்லட்டும். அந்த மோட்டார் பைக் விலைக்கு விற்ற இன்னொருவனைக் காட்டச் சொல்லுங்கள். தேனிக்காரர் இன்னும் மே மாதத்தை வைத்துக்கொண்டு திரிகிறார். போன வாரம்கூட என்னைக் கூப்பிட்டு எங்கே விளம்பரம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். "மே மாசம் யாருக்கு அசதியோ, அவங்க சுவத்துல" என்றேன். புரியவில்லை என்றார். நான் என்ன செய்ய?

பெயர் மாறிய தாளை எடுத்துக்கொண்டு நானே சாத்தூருக்குப் போனேன். அவள் மிஷினை நிறுத்தாமலே, "அங்கன வைங்கப்பா" என்றாள். "வாசிச்சுப் பாருத்தா" என்றேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையை முடித்து, நூலைப் பல்லால் கடித்து, பிறகு வாங்கினாள். உரிமையாளர் என்ற இடத்தில் ஆடிட்டர் ஆபீஸின் பெயர் இருந்தது; வாரிசு என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை. விரலால் அந்த வரியை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"இதுல போயிருச்சு. வேற எதுலயெல்லாம் எம்பேர எழுதி வச்சிருக்கீக?"

"வேற எதுலயும் இல்லத்தா. வீடு மட்டும்."

"வீடு சரி. இனிமே எதுல போட்டாலும் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போடணும். சீட்டோ, நெலமோ, எதுவானாலும். சரியா?"

நான் சரி என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவன். பேங்க் மேனேஜரிடமும் சொன்னதில்லை, கட்டிய மனைவியிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். உட்கார்ந்தபடி சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்று, தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், அந்த யோசனையே என்னுடையது என்பதுபோலச் சொன்னேன்.